விமான நிலைய பஸ் புடு வரை வர வேண்டும்

விமான நிலையப் போக்குவரத்துக்கும் நகரப் பொதுப் போக்குவரத்துக்கும் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோலாலம்பூர் புடு வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய தங்கும் விடுதியில் இரவுப் பணியில் இருப்பவள் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சிப்பாங் விமான நிலையத்திலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு நகரத்துக்குப் புறப்படும் பஸ் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தோடு நின்றுவிடக் கூடாது. பெட்டாலிங் ஸ்திரீட், புடு, சவ் கிட் என்று குறைந்த வாடகை விடுதிகள் நிறைந்த பகுதிகள் வரை அது வர வேண்டும். எல்.ஆர்.டி. என்னும் நகர ரயில் காலையில் ஓடத் தொடங்கும் நேரம் வரை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் உங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் வாய்மொழியாகப் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டோம். "மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அண்மையில் ஒரு விடியற்காலையில் எங்கள் முகப்பில் வந்து நின்ற பெண்ணைப் பார்த்த பிறகு, இதை எழுத்திலேயே வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

திருச்சியிலிருந்து வந்தவள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். தனியாக, முதல் வெளிநாட்டுப் பயணம். ஆறு பேர் தங்கும் பொது அறையில் ஒரு கட்டிலை முன்பதிவு செய்து, பணத்தையும் கட்டியிருந்தாள். விமானம் தாமதமாகி நள்ளிரவைத் தாண்டித் தரையிறங்கியது. குடிநுழைவு வரிசையைக் கடந்து பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் கடைசி ரயில் போய்விட்டது. கடைகளின் நடுவே தேடியலைந்து, கீழ்த்தளத்தில் பஸ் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, டிக்கெட் வாங்கி ஏறியிருக்கிறாள். கே.எல். சென்ட்ரலில் இறங்கியபோது மணி ஏறக்குறைய மூன்றரை.

அங்கிருந்து எங்கள் விடுதி மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. பகலில் எல்.ஆர்.டி. பிடித்தால் பேச்சு முடிவதற்குள் வந்துவிடலாம். அந்த நேரத்தில் எல்.ஆர்.டி. இல்லை, மோனோரயில் இல்லை. கைப்பேசியில் உள்ளூர் சிம் இல்லாததால் செயலியில் கார் அழைக்கவும் வழியில்லை. ஒருவர் வந்து, புடுவுக்கு வண்டியில் கொண்டுபோய் விட 70 வெள்ளி (ரிங்கிட்) கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று நகர்ந்தவளின் பின்னாலேயே இன்னொருவர் வந்து, 60 வெள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிப் பையின் வாரைப் பிடித்திருக்கிறார். அவள் பயந்துபோய், நடந்தே வந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறாள். அந்தப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும். வண்டிகளுக்காகப் போட்ட சாலைகள் அவை. பழைய ரயில் நிலையத்தின் திசையில் கொஞ்ச தூரம் போனவள், இருட்டைப் பார்த்துத் திரும்பி வந்து, பாதுகாவலர் ஒருவரின் கண்ணில் படும்படி ஒரு தூணின் அடியில் பையை அணைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருக்கிறாள்.

என் பணி முடியச் சற்று நேரமே இருந்தபோது உள்ளே வந்தாள். முன்பதிவுத் தாளை நான்காக மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். வியர்வையில் அது நைந்து, விடுதியின் பெயர் இருந்த மடிப்பில் கிழிந்திருந்தது. அதன் ஓரத்தில் யாரோ பெரியவர் பேனாவால் எங்கள் தெருவின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். "அக்கா, நேற்று ராத்திரிக்குத்தான் பணம் கட்டினேன். இப்போது படுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள்.

அவள் பணம் கட்டிய இரவு முடிந்திருந்தது. அந்தக் கட்டில் இரவு முழுவதும் காலியாகவே கிடந்தது. விடுதி விதிப்படி அடுத்த வாடகைக்கான நேரம் மதியம் இரண்டு மணி. அவளை நான் படுக்க வைத்தேன். உரிமையாளரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஓர் இளம்பெண் வாடகை கொடுத்த கட்டிலுக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவில் தரையில் உட்கார்ந்து இரவைக் கழித்தாள் என்பது மாறப் போவதில்லை. அவளுடைய பெற்றோர் என்னைக் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பகலில் வருகிறவர்களுக்கு நான் குறை சொல்ல மாட்டேன். 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்.ஆர்.டி. நகர ரயில் தடம் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, எங்கள் விடுதிக்கு வருகிறவர்களுக்கு நல்ல வழி ஒன்று கிடைத்திருக்கிறது. நின்று செல்லும் விமான நிலைய ரயிலில் புத்ராஜெயா வரை வந்து, எம்.ஆர்.டி. மாறி சான் சௌ லின்னில் இறங்கி, அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் ஒரே நிலையம் வந்தால் புடு. மின்னஞ்சலில் கேட்கும் எல்லோருக்கும் இதைத்தான் எழுதி அனுப்புகிறேன். நேரம் கொஞ்சம் பிடிக்கும், செலவு மிகக் குறைவு. இந்தத் தடத்தை அமைத்தவர்களுக்கு மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் இந்த வழி முழுவதும் நள்ளிரவோடு மூடப்பட்டுவிடுகிறது. மலிவுக் கட்டண விமானங்களோ நேரங்கெட்ட நேரத்தில்தான் வந்து இறங்குகின்றன. நேரங்கெட்ட நேரம் என்பதால்தான் அந்த டிக்கெட் மலிவு, அதனால்தான் எங்கள் விடுதிக்கு வருகிறவர்கள் அதை வாங்குகிறார்கள்.

விமான நிலையத்தையும் கே.எல். சென்ட்ரலையும் இணைக்கும் விரைவு ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 57 கிலோமீட்டரை அரை மணி நேரத்துக்குள் கடக்கும் நல்ல ரயில் அது. 2016 ஜனவரியில் அதன் கட்டணம் 35 வெள்ளியிலிருந்து 55 வெள்ளி ஆனது. எங்கள் பொது அறையில் ஒரு கட்டிலுக்கு ஓர் இரவு வாடகை 45 வெள்ளி. படுத்துறங்கும் இடத்தைவிட அங்கே வந்து சேரும் பயணத்துக்கு அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் பஸ்ஸைத் தேடுகிறார்கள். பஸ் 15 வெள்ளி அளவில் முடிந்துவிடும். அந்தப் பதினைந்தோடு செலவு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. மீட்டர் டாக்சிக்கு நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஒன்றரை மடங்கு கட்டணம் என்பது சட்டப்படியான விதி. அதைக் குறை சொல்லவில்லை. ஒன்றரை மடங்கு போட்டாலும் சென்ட்ரலிலிருந்து புடுவுக்கு 70 வெள்ளி எந்தக் கணக்கிலும் வராது. மீட்டரைப் போடாதவர்களும் உரிமமே இல்லாதவர்களும் கேட்கும் தொகை அது. வேறு வழியில்லாத ஒருவரை அந்த நேரத்தில் அங்கே இறக்கிவிட்டால் அவர்களுக்கு வேலை எளிதாகிவிடுகிறது.

பிடித்து அபராதம் போடுகிறோம் என்பீர்கள். போடுங்கள், வரவேற்கிறேன். ஆனால் இந்த நகரத்தில் இப்படிப் பயணிகளை வளைத்துப் பிடிக்கும் தரகர்கள் ஒழிந்த ஓரிடத்தை நினைத்துப் பாருங்கள். புடுராயா பஸ் நிலையத்தில் வெளியூர் பஸ் பிடித்துப் பழகிய தலைமுறை நாங்கள். வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்து, போகாத பஸ்ஸுக்கு டிக்கெட் விற்ற காலம் அது. 2011இல் தெற்கு நோக்கிச் செல்லும் பஸ்கள் பண்டார் தாசிக் செலாத்தானின் புதிய முனையத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே பொதுவான டிக்கெட் முகப்பு, கண்ணில் படும் இடத்தில் புறப்பாட்டுப் பலகை, எழுதி வைத்த கட்டணம். கையைப் பிடித்து இழுத்தவர்களுக்கு அங்கே பிழைப்பு இல்லாமல் போயிற்று. நம்பகமான, விலை தெரிந்த ஒரு பஸ் கண் முன்னால் நின்றால் 70 வெள்ளி கேட்பவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதை நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள்.

வெளியூர் பஸ்கள் இடம் மாறினாலும் விடுதிகள் புடுவிலேயேதான் இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து புடு வரை வந்த பஸ்களும் ஒரு காலத்தில் இருந்தன. எங்கள் வாசலுக்கு அருகே பயணிகள் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் கேட்பது நடக்காத காரியமல்ல.

பஸ் இல்லை, ஓட்டுநர் இல்லை என்ற பதிலும் வரலாம். முதலாம் முனையத்தில் கட்டடங்களுக்கு இடையே ஓடும் சிறிய ரயில் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடியது. இரண்டாண்டுகளுக்கு மேல் அத்தனை பயணிகளையும் பஸ்ஸில் ஏற்றித்தானே அந்தக் கட்டடத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள்? தேவை என்று வந்தபோது பஸ் கிடைத்தது, ஓட்டுநரும் கிடைத்தார். எங்களிடம் வருகிறவர்களின் தேவையும் தேவைதான்.

2026ஐ மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாக அறிவித்திருக்கிறோம். இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அந்த ஆண்டின் சின்னமான சூரியக் கரடியின் படங்கள் எங்கும் தொங்குகின்றன. வருகிறவர்களில் முதுகில் பையோடு வருகிறவர்களும் உண்டு என்பது திட்டம் போடுகிறவர்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்குகிறவரை அழைத்துவர அந்த ஹோட்டலே கார் அனுப்பும். எங்கள் வாடிக்கையாளர் நாசி லெமாக் வாங்குவது தெருவோரக் கடையில், துணி வெளுக்கக் கொடுப்பது பக்கத்துக் கடையில், வேட்டி வாங்குவது மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில். அவர் செலவழிக்கும் வெள்ளி எங்கள் தெருவில்தான் சுற்றுகிறது. அவரை வரவேற்பதற்கும் ஒருவர் வேண்டாமா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விமான நிலையத்தில் இரவு முழுவதும் துப்புரவு செய்கிறவர்களும், உணவுக் கடைகளில் வேலை செய்கிறவர்களும் இதே நேரத்தில்தான் வீடு திரும்ப வழி தேடுகிறார்கள் என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன். நள்ளிரவுக்குப் பின் நகரத்துக்குள் வரும் ஒரு பஸ் அவர்களுக்கும் உதவும்.

ஆகவே மீண்டும் கேட்கிறேன். நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை, மணிக்கு ஒன்றாவது போதும், இரண்டு முனையங்களையும் தொட்டுப் புறப்பட்டு, கே.எல். சென்ட்ரலைத் தாண்டி, பெட்டாலிங் ஸ்திரீட், புடு, சவ் கிட் வரை வரும் பஸ்ஸை விடுங்கள். கூடுதல் தூரத்துக்கு ஓரிரு வெள்ளி கூட்டினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த பஸ் எப்போது புறப்படும், எங்கெங்கே நிற்கும், எவ்வளவு கட்டணம் என்பதை வருகைக் கூடத்தின் வாசலிலேயே, டாக்சி முகப்புகளுக்கு முன்னால், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இணையம் இல்லாதவர் படித்துத் தெரிந்துகொள்ளும்படி அந்தப் பலகை இருக்க வேண்டும்.

முதலில் வெள்ளோட்டமாக மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். இரவில் எந்த நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது எங்களைப் போன்ற விடுதிகளின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. நீங்கள் கேட்டால் இந்தத் தெருவில் உள்ள மற்ற விடுதிக்காரர்களிடமும் பேசி, பெயர் விவரங்களை நீக்கிவிட்டு அந்த நேரக் கணக்கைத் தொகுத்துத் தருகிறேன். பஸ் எங்கே நின்றால் பயணிகள் சாலையைக் கடக்காமல் இறங்கலாம் என்பதையும் கூட வந்து காட்டுகிறேன். பகலில் எப்போது அழைத்தாலும் வருவேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
புடு வட்டாரத்து விடுதி இரவுப் பணியாளர்