அவன் ஊர்ப் பெயர்

அன்புள்ள கணேசா,

பேத்தி பிறந்த சேதி கேட்டு வீடே மகிழ்ந்தது. இங்கே போன வாரம் கடலை பிடுங்கினோம். களத்தில் கொடி காயும் வாசனை வந்தாலே எனக்கு நைஜீரியாவின் கட்சினா ஞாபகம்தான். ‘மாலம், மாலம்’ என்று பிள்ளைகள் சூழ, நாம் வாத்தியார் வேலை பார்த்த அந்த மூன்று வருடங்கள்!

அந்தப் பக்கத்துச் செய்திகளை இன்னும் விடாமல் படிக்கிறேன். 2020 டிசம்பரில் கட்சினாவின் கன்காரா ஊர்ப் பள்ளி விடுதிக்குள் கொள்ளைக்காரர்கள் புகுந்து மாணவர்களை ருகு காட்டுக்குக் கடத்திப் போனார்களே, ஒரு வாரத்தில் 344 பேர் திரும்பினார்கள். அது உலகத்துக்கே தெரிந்தது. எனக்கு மனசு ஆறாதது, பேப்பரில் பெயர்கூட வராத சிற்றூர்களை நினைத்துத்தான்.

கட்சினாவிலும் பக்கத்து ஜம்ஃபாரா மாநிலத்திலும் கொள்ளைக்காரர்கள் ஊர் ஊராக வரி போடுகிறார்கள். பணம் கட்டினால்தான் விதைக்கலாம், அறுக்கலாம். சில ஊர்க்காரர்கள் அந்தக் கொள்ளைக்காரர்களுடைய நிலத்தில் கூலியில்லாமல் உழுது களையெடுக்க வேண்டியிருக்கிறது. பிடித்துப் போன பெண்கள் காட்டில் சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள். பலரைப் பலவந்தமாக மனைவி என்று வைத்துக்கொள்கிறார்கள். அவர்களை மீட்க வீட்டார் மாட்டை விற்று, தானியத்தை விற்று, கடைசியில் நிலத்தையும் விற்கிறார்கள். அடுத்த விதைப்புக்கு வரி கட்ட என்ன இருக்கும், சொல்? உடம்பு ஒன்றுதான். இதைக் கொள்ளை என்று மட்டும் எழுதுகிறார்களே கணேசா! கொள்ளையன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். இவர்கள் போவதே இல்லை. ஊரையே கொத்தடிமையாக வைத்திருக்கிறார்கள்.

துப்பாக்கி தூக்கியவர்களில் பலர் ஃபுலானி இடையர் வீட்டுப் பிள்ளைகள். மேய்ச்சல் தடங்கள் வயலாகிவிட்டன, மாடுகளும் களவு போயின. ஊர்க்காவலுக்கென்று கிளம்பிய ‘யன் சகாய்’ கூட்டம் தப்பே செய்யாத இடையர்களையும் கொன்றது. அதற்காக, இன்று நடப்பதை என்னால் மன்னிக்க முடியாது. 2022 தொடக்கத்தில் அரசு இந்தக் கொள்ளைக்காரர்களைப் பயங்கரவாதிகள் என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் 2024 மார்ச்சில் கதூனா மாநிலத்துக் குரிகாவில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். 137 பேர் மீண்டார்கள்.

முன்பெஞ்சில் உட்காருவானே, கணக்கில் கெட்டிக்கார இடையர் பையன், நினைவிருக்கிறதா? ஒரு நாள் நம்மை வீட்டுக்கு அழைத்துப் போனான். அவன் அம்மா கம்பு உருண்டையைத் தயிரில் கரைத்துக் கொடுத்தாள். நம்மூர்க் கம்மங்கூழ் மாதிரியே இருக்கிறதென்று நீ இரண்டாம் முறை வாங்கிக் குடித்தாய். அவன் ஊர்ப் பெயர் எனக்கு மறந்துவிட்டது. செய்தியில் ஓர் ஊர் வரும்போதெல்லாம் அதுவாக இருக்குமோ என்று பதறுகிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

அன்புடன்,
ராமு