பச்சை மூடி வாளிக்காரருக்கும் மற்ற உறவுகளுக்கும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, நம் தொங்காட் ஊரில் வாழும் உறவுகளுக்கு வணக்கம்.

என் ஆயா மணலில் விரல் பிடித்து எழுதப் பழக்கிய தமிழில் இந்த மடலை எழுதுகிறேன். போன மாதம் என் மகன் குழாய் வேலைப் பயிற்சியை முடித்து முதல் முழுச் சம்பளம் வாங்கினான். அந்தப் பணத்தில் அவன் அப்பாவின் படத்துக்கு ஒரு மாலை வாங்கி வந்து போட்டான். அதைப் பார்த்து நின்றபோது, உங்களுக்கெல்லாம் இன்னும் வாய்விட்டு நன்றி சொல்லவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது.

2021 ஜனவரியில், கோவிட் இரண்டாம் அலையில், என் கணவர் போய்விட்டார். இறுதிச் சடங்கில் 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்த காலம். பதினாறு வயதில் கொள்ளி வைத்துவிட்டு வந்த பிள்ளை, அதன்பின் பேசுவதையே விட்டுவிட்டான். பள்ளிக்கூடம் நின்றது. இரவில் தெருமுனைக்குப் போக ஆரம்பித்தான். ‘சுகர்ஸ்’ என்று நம் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருக்கும் போதைப்பொடி அங்கேதான் கைமாறும். ஒரு நாள் அவன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் காணவில்லை. கேட்டால் அவனும் போய்விடுவானோ என்ற பயத்தில் நான் கேட்கவில்லை.

கோவில் அடுப்படிப் பெரியவரே, நீங்கள் எங்கள் வாசலுக்கு வந்தது அந்த ஜூலையில். கலவரத்தில் கடைகள் சூறையாடப்பட்டு, ஒரு ரொட்டிக்காக மணிக்கணக்கில் மக்கள் வரிசையில் நின்ற வாரம். “தம்பி, சனங்களுக்குச் சமைக்கிறோம். விறகு பிளக்க ஆள் போதவில்லை. காலையில் நாலு மணிக்கு வா” என்றீர்கள். வேறு ஒரு சொல் இல்லை. கடிகாரம் போன கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நீங்கள் அதை எடுக்கவே இல்லை. விறகு பிளந்தவனை மறுநாள் உருளைக்கிழங்கு உரிக்க வைத்தீர்கள். அடுத்து அண்டாவில் பருப்பைக் கிளற விட்டீர்கள். மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தவன், “மாமா என்னை உப்புப் பார்க்கச் சொன்னார் அம்மா” என்றான். ஆறு மாதத்தில் அவனாக என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அடுப்படிக்குள் போய் அழுதேன். அவனுக்குப் புத்தி சொல்ல ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அவன் நாக்கை நம்பி நூறு பேர் சாப்பாட்டை ஒப்படைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

பிறகு 2022 ஏப்ரல் வெள்ளம். மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன மழை, நம் ஊர்த் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் உடைத்துப் போட்டது. மாதக்கணக்கில் குழாயில் சொட்டு வரவில்லை. தண்ணீர் லாரி வரும் நேரம் தெரியாமல் வாளியும் கையுமாக நின்றோமே! என் மகன் ஒரு தள்ளுவண்டியைத் தேடிப் பிடித்து, நடக்க முடியாத முதியவர்களின் வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனான். எங்கள் பின்தெரு ஜூலு பாட்டி, நாங்கள் ‘கோகோ’ என்று கூப்பிடுபவர், அவனுக்காகத் தினமும் வரிசையில் இடம் பிடித்து வைத்தார். கோகோ, உங்கள் மொழியிலேயே நன்றி சொல்கிறேன்: ங்கியாபோங்கா.

அந்த வரிசையில்தான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் அவனைப் பார்த்தார். “நீ என் வாளியைத் தூக்கு, நான் உன் கணக்கைத் தூக்கிவிடுகிறேன்” என்றாராம். ஐயா, உங்கள் வராந்தாவில் மெழுகுவர்த்தி வைத்துப் படித்தவன் 2023இல் மாட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு, எழுதித் தேறினான். தேர்வு நாட்களில் காசு வாங்காமல் ஏற்றிச் சென்ற டாக்ஸி அண்ணனுக்கும், தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் பொருத்தும்போது ஸ்பானரை அவன் கையில் கொடுத்துத் தொழிலுக்கே சேர்த்துக்கொண்ட அண்ணனுக்கும் என் நன்றி.

1860இல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றி வந்த முதல் கப்பல் ‘ட்ரூரோ’ டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து நம்மவர்கள் இந்தக் கரும்புக் காட்டில் பாடுபட்டிருக்கிறார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழ்ந்த லயத்து வீடுகள் அத்தனையிலும் தட்டு இருக்கும் என்று ஆயா சொல்வார். கதை என்று நினைத்திருந்தேன்.

இப்போது அவனே சனிக்கிழமைகளில் இரண்டு பையன்களைக் கோவில் அடுப்படிக்குக் கூட்டிப் போகிறான். அவர்கள் வீட்டுக் கதையை நானும் கேட்பதில்லை.

ஒருவர் மட்டும் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. வெள்ளத்தின் முதல் வாரம், விடியற்காலையில் எங்கள் கேட்டுக்கு உள்ளே பச்சை மூடி போட்ட வாளி நிறையத் தண்ணீர் வைத்துப் போனவர். வாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாளில் அதை நிரப்பி வைத்திருப்பேன். தயவுசெய்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்த் தாய் ஒருத்தி