உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

பள்ளிகளில் மாணவர்கள் கையில் கட்டும் சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட்டில் பிளஸ் 2 மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதி வெறியால் வீட்டிலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அன்று முதல் கயிறு பற்றியே அதிகம் பேசுகிறோம். கல்வி உதவித்தொகை குறித்த தகவலை மாணவரிடம் தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்ற அக்குழுவின் பரிந்துரை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கயிற்றை மாணவன் கட்டிக்கொள்கிறான். உதவித்தொகைப் பட்டியலை வாசித்துப் பிள்ளைகளைச் சாதிவாரியாகப் பிரித்துக் காட்டுவதோ பள்ளிக்கூடமேதான்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். உதவித்தொகைக்கான சாதிச் சான்றிதழ் தராதவர்களின் பெயர்களை வாசித்து, எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கத்தை நானும் பல ஆண்டுகள் யோசிக்காமல் பின்பற்றினேன். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என் பின்னாலேயே வந்து, தனக்கு அந்தப் பணமே வேண்டாம், பெயரை மட்டும் வாசிக்க வேண்டாம் என்று அழுதாள். அவளுடைய நோட்டுப் புத்தகச் செலவே அந்தத் தொகையில்தான் நடந்தது. மாணவர் விவரங்களைப் பள்ளிக்கல்வித் துறை பதிவு செய்யும் எமிஸ் இணையதளத்தில் பெற்றோரின் கைபேசி எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. உதவித்தொகைத் தகவலை அந்த எண்களுக்கே அனுப்பி, சான்றிதழ்களைத் தலைமையாசிரியர் அறையில் மட்டும் பெறுமாறு பள்ளிக்கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி.