நூலக வரி கட்டியவர்கள் எழுதுகிறோம்

மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும் நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாடகைக் கட்டடத்தில் இருக்கும் எங்கள் கிளை நூலகத்தை மூடி, ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள நூலகத்தோடு இணைக்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். வாடகை பாக்கியாம், கட்டடக்காரர் காலி செய்யச் சொல்கிறாராம், வாசகர் வருகையும் குறைந்துவிட்டதாம். உத்தரவு இன்னும் வரவில்லை. வந்தபிறகு மனு கொடுத்து அலைவதைவிட இப்போதே சொல்லிவிடுகிறோம்.

முதலில் பணம். இந்த ஊரில் யார் வீட்டுச் சொத்து வரி ரசீதை வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள். நூலக வரி என்று தனியே ஒரு தொகை போட்டிருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் கொடுத்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென்று வந்த முதல் சட்டமும் அதுதான். அரசு மனம் வைத்தால் நூலகம், இல்லாவிட்டால் இல்லை என்ற நிலை கூடாது, அதற்கென்று தனி வரி வேண்டும் என்று சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அந்தக் காலத்திலேயே வாதாடியிருக்கிறார்.

ஆணையர் அவர்களே, அந்தப் பத்துப் பைசா நகராட்சியின் வருமானம் அல்ல. நீங்கள் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பணம். உள்ளாட்சிகள் இதைப் பாக்கி வைப்பது தமிழ்நாட்டில் புதுக்கதையும் அல்ல, பத்திரிகைகளில் அடிக்கடி வருவதுதான். எங்கள் ஊர்ப் பணம் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் வாடகை ஏன் பாக்கி? சேரவில்லையென்றால் அதற்கு நூலகத்தை ஏன் மூட வேண்டும்? இரண்டு அலுவலகத்தில் யார் பதில் சொன்னாலும் சரி.

அப்புறம் அந்த வருகைக் கணக்கு. நூலகர் ஒருவரே இன்னொரு நூலகத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் வாரத்தில் பாதி நாள் இங்கே பூட்டுதான் தொங்குகிறது. திறந்திருக்கும் நாளில் ஒரு காலை வந்து பாருங்கள். பெரியவர்கள் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, "அந்த நடுப்பக்கத்தை முடிச்சிட்டீங்களா?" என்று கைமாற்றிக்கொண்டிருப்பார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், அந்தப் பேப்பரைப் படித்தவர் ஐந்து பேர். ஜன்னல் ஓரத்து நீள மேசையில் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைகள். வீட்டில் ஒரே அறை, அதிலும் டிவி ஓடுகிறது, வேறெங்கே போவார்கள்? இந்த மேசையில் படித்துத் தேறியவர்கள் அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள். உங்கள் அலுவலகத்திலேயே விசாரித்துப் பாருங்கள்.

"பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தானே, அங்கே போய்ப் படிக்கட்டும்" என்று ஓர் அதிகாரி சொன்னாராம். சரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை எந்த அம்மா தனியாகப் பஸ் ஏற்றிவிடுவார்? கைத்தடி ஊன்றி நடந்து வருகிற தாத்தா எந்தப் படியில் ஏறுவார்?

2011 நவம்பரில் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றி, அங்கே குழந்தைகள் மருத்துவமனை கொண்டுவரப் போவதாக அன்றைய அரசு அறிவித்தது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. அத்தனை பெரிய நூலகத்துக்காக எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் வந்தார்கள். ஓர் அறையும் திண்ணையும் உள்ள எங்கள் நூலகத்துக்கு நாங்கள்தான் வர வேண்டும்.

அதே 2011-இல் இங்கிலாந்தின் ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற சிற்றூரிலும் நூலகத்தை மூடும் பேச்சு வந்தது. ஊர்க்காரர்கள் கார்டைத் தூக்கிக்கொண்டு போய் ஏறக்குறைய 16,000 புத்தகங்களையும் இரவல் வாங்கி அலமாரிகளைக் காலியாக்கிவிட்டார்கள். நாங்களும் ஆசைப்பட்டோம், ஆனால் எங்கள் கார்டுக்கு அத்தனை புத்தகம் தர மாட்டார்கள். எனவே வேறு வேலை பார்த்திருக்கிறோம். கடைத்தெருவிலும் பள்ளி வாசலிலும் கையெழுத்து வாங்கினோம். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர ஆள் பிடித்தோம். பழைய வார்டு அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. கூரை ஒழுகவில்லை, மின் இணைப்பு இருக்கிறது, நாங்களே போய்ப் பார்த்தோம். அதை வாடகையில்லாமல் நூலகத்துக்கு ஒதுக்க நகர்மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் போதும். வெள்ளையடிக்க ஆள் இருக்கிறது. அலமாரிகளைக் கழற்றி மாட்டித் தருவதாகத் தச்சு வேலை செய்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். புத்தகம் ஏற்ற லோடு ஆட்டோக்காரர்கள் டீசல் காசு மட்டும் கேட்கிறார்கள்.

அதுவரை இணைப்பு உத்தரவை நிறுத்தி வையுங்கள், நூலகருக்கு முழு வாரமும் இங்கேயே வேலை கொடுங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் எவ்வளவு நூலக வரி வசூலானது, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இரண்டு அலுவலகங்களுக்கும் மனு அனுப்பியிருக்கிறோம். இரண்டு பதில்களையும் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்