பாப்பாவுக்கு, தொட்டி விளக்கைப் பற்றி

மண்டபம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான். பெரியத்தை வீட்டு விஷயம் நேரில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாய்த்து வைத்த மண்சட்டிக்குள் உன் கோமாளி மீன்களின் ஆரஞ்சு முட்டைகள், நெருக்கமாக, ஓரம் கலையாமல். முதல் ஈட்டிலேயே இப்படி ஒட்டவைக்கும் ஜோடி லேசில் அமையாது. இரண்டு வருடம் பொறுமையாக வளர்த்திருக்கிறாய். மறுநாள் "காணோம்" என்று ஒரு வார்த்தை எழுதினாய். பதினெட்டு நாளாயிற்று, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. படம் வந்தது ராத்திரி 2.40க்கு. தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கோமாளி மீனுக்குப் பகல் பகலாக, இரவு இரவாக இருக்கவேண்டும். நீ வேலை முடிந்து வரும் நேரத்துக்குப் போட்டு, தூக்கம் வரும்போது அணைத்தால் அவை நிலைகொள்ளாது. ஒரு டைமர் வாங்கி மாட்டு. காலை 9க்கு எரியட்டும், இரவு 9க்கு அணையட்டும். அதன்பிறகு அறை விளக்கும் வேண்டாம்.

படத்தின் மூலையில் இன்னொரு சின்ன வால் தெரிகிறது. மூன்றாவது ஒன்றை விட்டிருந்தால் இன்றே எடுத்துவிடு. பெரியது பெட்டை, சின்னது ஆண், அதோடு போதும். ஜோடி சேர்ந்தபின் வருகிறதை அடித்தே கொன்றுவிடும்.

நல்ல ஜோடி இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முட்டையிடும். கணக்குப்படி அடுத்த ஈடு இந்த வாரமே வரலாம். ஆண் சட்டியைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்கிறதா, பெட்டையின் வயிறு உப்பி அடியில் சின்ன வெள்ளைக் குழாய் நீட்டியிருக்கிறதா என்று பார். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை போடு: பொடியாக நறுக்கிய இறால், கணவாய், மீன்சினை. பத்து நிமிடத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடு. நீயும் மூன்று வேளை சாப்பிடு. சூடு 27 டிகிரி, உப்பு மானியில் 1.025. எங்களுக்குக் கடல் வாசலில் இருக்கிறது, உனக்கு உப்புப் பாக்கெட். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்குத் தினமும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்று, உப்புத் தண்ணீர் ஊற்றாதே. விளக்கு 9க்கு அணையவேண்டும்.

முட்டை இட்டபின் கையை உள்ளே விடாதே. ஆண் விசிறும், வெளுத்த முட்டையைப் பொறுக்கித் தின்னும். அது சரிதான். மூன்று நான்கு நாளில் பழுப்பாகும், பிறகு வெள்ளிக் கண் தெரியும். ஏழெட்டு நாளில், விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பொரிக்கும். இருட்டு இல்லாவிட்டால் பொரிப்பது தடுமாறும். இதற்குத்தான் திரும்பத் திரும்ப விளக்கு விளக்கு என்கிறேன்.

குஞ்சுத் தொட்டி 40 லிட்டர் போதும். சுற்றிலும் கறுப்புச் சார்ட் ஒட்டு, தண்ணீர் தாய்த் தொட்டியிலிருந்தே எடு, காற்றுக் குமிழி மெதுவாக வரட்டும். பொரித்த ராத்திரி, தாய்த் தொட்டி ஓரத்தில் டார்ச் பிடித்தால் குஞ்சுகள் மேலே கூடும். கோப்பையால் தண்ணீரோடு மொள்ளு, வலை வேண்டாம். குஞ்சுத் தொட்டியில் நுண்பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீர் கலந்து, ஒரு மில்லிக்குப் பத்து ரோட்டிஃபர், அதுதான் குஞ்சு தின்னும் பொடி உயிர், குறையாமல் இருக்கவேண்டும். அமோனியா ஏறாமல் இருக்க, தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஏர் டியூப் வழியே சொட்டுச் சொட்டாக மாற்று. ஆர்ட்டிமியா என்கிற உப்புநீர் இறால் குஞ்சு ஏழாம் நாளுக்குப் பிறகுதான், அதுவும் ரோட்டிஃபரோடு கலந்து.

அதை எழுதும்போதே கை நிற்கிறது. நீ பிளஸ் டூ படித்த வருடம், ஒரு ஈட்டுக் குஞ்சு முழுக்கச் செத்ததே, நீ ஏர் பம்ப்பை நிறுத்திவிட்டாய் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீல வாளியில் ரோட்டிஃபர் கெட்டுப்போயிருந்தது. அதைக் கவனிக்க வேண்டியவள் நான். வேறு தீனி இல்லாமல் மூன்றாம் நாளே ஆர்ட்டிமியாவை ஊற்றியதும் நான்தான். அந்த வாய்க்கு அது பெரிது. விழுங்கியவை செரிக்காமல் செத்தன, மற்றவை பட்டினியில் போயின. அன்றைக்கே எனக்குத் தெரியும். அதன்பிறகு நீ தொட்டிப் பக்கமே வராதபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போதும் "காணோம்" என்றதற்கு "என்ன செய்தாய்?" என்றுதான் கேட்டேன். நீ ஒன்றும் செய்யவில்லை, பாப்பா. முதல் இரண்டு மூன்று ஈட்டை அவையே தின்பது வழக்கம்.

ரோட்டிஃபர் முட்டைக்கு முன்னால் தயாராக இருக்கவேண்டும், பின்னால் தேடினால் ஆகாது. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் இரண்டு பாட்டில் விதை கொடுத்து விடுகிறேன், பாதி தண்ணீர், பாதி காற்று. வெயில் ஏறுமுன் எடுத்து மூடியைத் திறந்துவிட வேண்டும். காலையில் வந்து வாங்கிக்கொள்வாயா என்று மட்டும் சொல்.

அம்மா