துண்டறிக்கை அடித்தவர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மக்கள் இயக்கங்களின் வரலாறு குறித்த தங்கள் தலையங்கம் தலைவர்களின் உரைகளோடு நின்றுவிட்டது. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதான இரவே, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் படியெடுத்து மறுநாள் ஊரெங்கும் சேர்ப்பித்திராவிட்டால், கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பு அடுத்து வந்த திங்கட்கிழமையே தொடங்கியிருக்குமா என்பது ஐயமே. அது 381 நாள் நீடித்ததிலும் கார்களைப் பகிர்ந்து ஓட்டியவர்களுக்கும், அதற்குப் பணம் திரட்டிய பெண்களுக்கும் பெரும் பங்குண்டு.

நான் செயலாளராக இருந்த குடியிருப்போர் சங்கத்தில், மனுவுக்குக் கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியவர்களின் பெயர்கள் ஆண்டறிக்கையில் இல்லை. வரவு செலவு நோட்டில், நகலெடுத்த செலவுக்கு எதிரேதான் இருக்கின்றன. இத்தகைய நோட்டுகளையும் கூட்டக் குறிப்பேடுகளையும் செல்லரிக்கும் முன் பொது நூலகங்கள் கேட்டுப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும்; அவற்றிலிருந்து வாரம் ஒரு பக்கத்தைத் தங்கள் நாளிதழ் வெளியிடலாம்.