மோர்ப் பானையில் விழுந்த வளையல்

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள சரசு,

நீ அனுப்பிய ஏழு நிமிடக் குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை சிரிப்பதற்கு. இரண்டாம் தடவை, நடுவில் நீ அழுதாயா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கு. நானும் பேசியே அனுப்பியிருப்பேன். ஆனால் இந்த வீட்டில் கூடத்தில் மூச்சு விட்டால் சமையலறையில் கேட்கும். என் வீட்டுக்காரரைப் பற்றி அவர் காதுபடப் பேசுவதில் என்ன ருசி இருக்கிறது? பசியாறிவிட்டுக் கீழே கார் கழுவப் போயிருக்கிறார். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரமாக ஏழு கல் மூக்குத்தி போட்டுக்கொண்டு உன் வீட்டுக்கார அண்ணன் முன்னால் நடமாடியிருக்கிறாய். அவர் பார்க்கவில்லை. கடைசியில் நீயே மூக்கை நீட்டிக் காட்டியதற்கு, "ஏன், சளியா?" என்று கேட்டிருக்கிறார். மன்னித்துவிடு சரசு, அந்தச் 'சளியா'வுக்கு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உனக்கு அது சிரிப்பில்லை என்று தெரியும். "முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் இந்த மனிதருக்கு என் முகம் தெரியாது" என்றாயே, அந்த இடத்தில்தான் உன் குரல் உடைந்தது.

என் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. தைப்பூசத்தின்போது பாதி பார்த்தாய். மீதியைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

போன டிசம்பரில் முடியை வெட்டினேன் அல்லவா? தோட்டத்துப் பள்ளியில் நீ பின்னால் உட்கார்ந்து பெஞ்சுக் காலோடு முடிச்சுப் போட்டாயே, அதே முடிதான். சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. கூட்டித் தள்ளிக் கை வலித்துப்போய், ஒரு நாள் சலூனுக்குப் போய்த் தோள் வரைக்கும் வெட்டச் சொல்லிவிட்டேன். இடுப்புக்குக் கீழே தொங்கியது தோளுக்கு வந்துவிட்டது. ஒரு முழம் இல்லை, ஒன்றரை முழம் போயிருக்கும்.

வீடு திரும்புவதற்குள் லிப்ட்டில் மலாய்க்கார மக்சிக் பார்த்துவிட்டார். மறுநாள் பாசாரில் காய்கறி விற்கும் சீனக் கிழவி, கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டிருந்தவள் தராசை விட்டுவிட்டு, "ஐயோ, ரம்புட் சுடா போத்தோங்! சாந்தேக்!" என்று கத்தினாள். முடி வெட்டியாச்சு, அழகு என்கிறாள். மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றும் பையன், வந்து மூன்று மாதம்கூட ஆகாதவன், "அக்கா, ஸ்டைலா?" என்றான். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார், நேராக முகத்தைப் பார்த்தார், "மீன் என்ன விலை?" என்று கேட்டார்.

சரி, கண்ணாடி போடவில்லையாக்கும் என்று விட்டேன். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தேன். நீயும் அப்படித்தான் இருந்திருப்பாய். சொல்லிவிட்டுக் கிடைக்கும் பாராட்டு கடன் வாங்கிய சீனி மாதிரி. ஒன்பதாம் நாள் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்து யோசனையாக நின்றார். "இந்தத் தடவ குளியலறைத் தூம்பு அடைக்கவே இல்ல, கவனிச்சியா?" என்றார்.

தூம்பு, சரசு! வாரம் ஒரு தடவை குச்சி விட்டு என் முடியைச் சுருட்டி எடுப்பவர் அவர்தான். முடி காணாமல் போனதை அந்த வழியாகத்தான் கண்டுபிடித்தார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார்.

இந்த மனிதர் என்ன வேலை பார்த்தவர் என்பது உனக்குத் தெரியும். பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இருபத்தேழு வருஷம் கியூசி, சரக்கின் தரம் பார்க்கும் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகக்கண் அளவுச் சிப்பில் தலைமுடியைவிட மெல்லிய கீறலைத் தேடிப் பிடித்து, "ரிஜெக்ட்" என்று ஒதுக்கியவர். இப்போதும் பாலத்தில் போகும்போது முன்னால் ஒரு மைவி கார் போனால் போதும், பின் விளக்கைப் பார்த்தே, "இது 2011 மாடல், இது 2017" என்று ஒப்பிப்பார். எனக்கு எல்லா மைவியும் ஒரே மைவிதான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தேர் போகும்போதும் அப்படியே. நகரத்தார் வெள்ளி ரதத்துக்கும், 2017ல் புதிதாக வந்த தங்க ரதத்துக்கும் என்னென்ன வித்தியாசம் என்று சக்கரத்திலிருந்து குடை வரை பக்கத்தில் நிற்பவருக்கெல்லாம் விளக்குவார். கண்ணில் பழுது இல்லை.

இனி தைப்பூசம். அந்த மோர்ப் பானையை நீ மறந்திருக்க மாட்டாய். தண்ணீர்ப் பந்தலில் நான் மோர் ஊற்ற, நீ குவளை நீட்ட, தெருவெல்லாம் தேங்காய்ச் சிதறல், இளநீர் வாடை. நான் குனிந்து கரண்டியை விட்டதும் வலது கை வளையல் வழுக்கிக்கொண்டு பானைக்குள் போய்விட்டது. சோப்புப் போட்டுத் திருகினால்தான் கழன்று வரும் வளையல் அது. எல்லாரும் சிரித்தார்கள். "முருகன் காணிக்கை வாங்கிட்டான்" என்று யாரோ சொன்னார்கள். அவரும் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாய். விடவே இல்லை. "கை ஏண்டி நடுங்குது?" என்றாய். எனக்கு அது நடுங்குவதே அதுவரை தெரியாது.

நம் பழைய அகப்பாட்டுகளில் வளை நெகிழ்ந்தது, பசலை படர்ந்தது என்று வருமே, அதை எடுத்துச் சொல்லுகிறவள் பல பாட்டில் தோழியாகத்தான் இருப்பாள். தலைவன் பொருள் தேடப் போயிருப்பான். என் தலைவன் எங்கேயும் போகவில்லை, பக்கத்திலேயே நின்று வளையல் விழுந்ததற்குச் சிரித்தார். பாட்டெழுதியவர்கள் இந்த வகையை எந்தத் திணையில் வைத்திருப்பார்களோ!

நீ விரட்டிய விரட்டில் அடுத்த திங்கட்கிழமையே அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். ஒரு வெள்ளி கட்டணம் கட்டி நம்பர் எடுத்துக் காலை முழுதும் உட்கார்ந்தோம். உள்ளே இருந்தது ஒரு சின்னப் பெண், நம் பிள்ளைகள் வயசு. இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு தாளை வைத்தாள். தாள் காற்றடித்த வாழையிலை மாதிரி ஆடியது. நாடி 112. எடை போட்டால் ஐந்து மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு, முடி கொட்டுவது என்று அவள் கேட்கக் கேட்க நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வியர்த்தது பினாங்கு வெயிலால் என்று நினைத்தேன், தூக்கம் போனது மாதவிலக்கு நின்றதால் என்று நினைத்தேன், முடி கொட்டியது தண்ணீரால். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் வைத்திருந்தேன் பார்.

அப்புறம் அவள் தலை நிமிராமல், எழுதிக்கொண்டே கேட்டாள்: "வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா?" அவர் பக்கத்து நாற்காலியில், என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. பாவம், அவர் ஒன்றைக் கவனித்துத்தான் இருந்தார்: நான் எரிந்து விழுகிறேன் என்று. காற்றாடியை ஐந்தில் வைக்கிறேன், அவர் மூன்றுக்குத் திருப்புகிறார், நான் கத்துகிறேன். அதை என் குணம் என்று எடுத்துக்கொண்டார். அதுவும் நோய்தானாம்.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது. கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் சாதாரணம் என்று விட்டுவிடாமல் உடனே வரச் சொன்னார்கள். அந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தின் வெள்ளணுவைக் குறைத்துவிடுமாம். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஒன்றரை மாதத்தில் நடுக்கம் அடங்கியது. இப்போது ராத்திரி தூங்குகிறேன். காற்றாடி மூன்றில்தான் ஓடுகிறது.

கிளினிக்கிலிருந்து வந்து இரண்டு நாள் அவர் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே ஆரம்பித்தார்.

"பேக்டரியில கோல்டன் சாம்பிள்னு ஒன்னு இருக்கும். பழுதே இல்லாத ஒரு பீஸ். அலமாரியில பூட்டி வச்சிருப்போம். வர்ற சரக்க அதோட பக்கத்துல வச்சுத்தான் பார்க்கணும். புதுசா வந்த பசங்க சோம்பேறித்தனமா நேத்துச் சரக்கோட இன்னைக்குச் சரக்க வச்சுப் பார்ப்பானுங்க. எல்லாம் சரியாத்தான் தெரியும். தினம் ஒரு நூலு நகர்ந்துக்கிட்டே போயிருக்கும். கஸ்டமர் திருப்பி அனுப்புறப்பதான் தெரியும்." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சரசுகிட்ட போன வருஷத்துச் சாம்பிள் இருந்துச்சு. என்கிட்ட நேத்து உள்ளதுதான் இருந்துச்சு."

இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனாலும் நான் விடவில்லை. "ஆறு கிலோ நூலு நூலா நகர்ந்துச்சு, சரி. முடி ஒரே நாள்ல ஒன்றரை முழம் போச்சே, அதுக்கு என்ன?" என்றேன். ரசம் ஊற்றச் சொன்னார்.

முடிக்கு விளக்கம் பெரியவளிடமிருந்து வந்தது. போனில் அப்பாவுக்காக வாதாடினாள், அவள் எப்போதும் அப்பா கட்சி. 1998ல் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை. கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவன் வரைபடத்தோடு நின்று போகிறவரிடம் வழி கேட்பான். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பேர் ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்து போவார்கள். கதவு கடந்ததும் வழி கேட்டவன் மாறியிருப்பான். வேறு ஆள், வேறு உயரம், வேறு சட்டை, வேறு குரல். பதினைந்து பேரில் எட்டுப் பேர் ஒன்றும் தெரியாமல் தொடர்ந்து வழி சொன்னார்களாம். மாணவர்களாக இருந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வழி கேட்டவனும் அவர்கள் வயசுக்காரன். அதே ஆட்களுக்குக் கட்டட வேலைக்காரர் உடுப்புப் போட்டு விட்டபோது, பன்னிரண்டு மாணவர்களில் நான்கு பேருக்குத்தான் ஆள் மாறியது தெரிந்தது. 'யாரோ வேலைக்காரன்' என்று ஒரு பெயர் ஒட்டியதோடு சரி, முகத்தை அவர்கள் பார்க்கவே இல்லை.

"அப்போ உங்கப்பாவுக்கு நான் 'பெண்டாட்டி'ங்கிற உடுப்பு, அப்படித்தானே?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அப்பா எந்தக் கையில வாட்ச் கட்டுவாரும்மா?" என்றாள். "இடது கை" என்றேன். "அவர் வேலைய விட்டதிலிருந்து வாட்ச் கட்டுறதே இல்லம்மா, ரெண்டு வருஷமாச்சு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் சரசு, இந்த ஆய்வெல்லாம் என் முடிக்கும் உன் மூக்குக்கும் பொருந்தும். மைவிக்குப் பொருந்தாது. பிடித்ததைத் தேடிப் பார்க்கிற கண் அவரிடம் இருக்கிறது, அண்ணனிடமும் இருக்கிறது. அண்ணன் பந்து விளையாட்டில் ஆப்சைடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் பிடிப்பவர்தானே? ஆகையால் கோபத்தை முழுக்க விட்டுவிடாதே, பாதியை வைத்துக்கொள். 'சளியா'வுக்கு இன்னும் ஒரு வாரமாவது அவர் கஷ்டப்பட வேண்டும்.

இங்கே நிலைமை தலைகீழ். பிப்ரவரியிலிருந்து எனக்குக் கியூசி நடக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, காலை ஒன்பது மணிக்கு, சமையலறைக் கதவோரமாக நிற்க வேண்டும். ஒளி மாறக் கூடாது என்று ஜன்னல் திரையை அவரே இழுத்துவிடுவார். ஒரு படம் எடுப்பார். எடையை நாட்காட்டியில், கட்டத்தின் கோடு தாண்டாமல், சின்ன எழுத்தில் குறிப்பார். ஒப்பிடுவதற்குக் கோல்டன் சாம்பிள் வேண்டுமே? 2019ல் உன் மகன் கல்யாணத்தில் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். அதில் எனக்கு ஒரு கண் பாதி மூடியிருக்கும், கையில் வேறு பாதி கடித்த லட்டு. "அழகான படம் எத்தனை இருக்கு, இதுதானா கிடைச்சது?" என்றால், "இதுலதான் வெளிச்சம் சரியா விழுந்திருக்கு" என்கிறார்.

போன வாரம் நான் கட்டியிருந்த பச்சைப் புடவையைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "புதுசா?" என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு பெருமை. அந்தப் புடவை வாங்கி எட்டு வருஷம், வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். என்ன செய்ய?

ஆகஸ்டில் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாயே, கட்டாயம் வா. ரயிலில் வந்தால் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடி, ஜெட்டியில் நாங்கள் நிற்போம். மூக்குத்தியைப் போட்டுக்கொண்டே வா. இவரிடம் முன்கூட்டி ஒன்றும் சொல்ல மாட்டேன், கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம்.

வளையலை லிட்டில் இந்தியாவில் கொடுத்துச் சின்னதாக்கித் தருகிறேன் என்று அவர் இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று மாவு பிசையக் கழற்றப் பார்த்தேன், முட்டியில் சிக்கிக்கொண்டது. சோப்புத் தேய்த்துத்தான் எடுத்தேன்.

கார் கழுவிவிட்டார் போலிருக்கிறது, வாளி சத்தம் கேட்கிறது.

உன்,
கமலம்